ட்ரோன் பறந்தும் ஊர் ஏன் படத்துக்குள் வரவில்லை

சிவகங்கைப் பக்கத்து ஊராட்சி ஒன்றில் படித்த இளைஞர்கள் சேர்ந்து ட்ரோன் படம் எடுத்து, கைபேசிச் செயலியில் தெருக்களையும் கண்மாய்களையும் குறித்து, ஊர் வரைபடம் ஒன்று தயாரித்திருக்கிறீர்கள். அதை ஊர்ப் பொதுவிடமான மந்தையில் விரித்து வைத்துக் கூப்பிட்டபோது பதினொரு பேர்தான் வந்தார்களாம். அத்தனை பேரும் ஆண்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை என்கிறீர்கள். "தொழில்நுட்பம் இவ்வளவு வளர்ந்த பிறகும் மக்கள் பங்கேற்பு தேவைதானா? பண்பாட்டுக்கு இதில் என்ன வேலை, பறையும் கூத்தும் வைத்து ஆள் சேர்ப்பதா?" இதுதான் உங்கள் கேள்வி.

இருபது வருடமாகக் கிராமங்களில் வரைபட வேலை செய்தவன் என்ற முறையில் என் பதிலைச் சொல்கிறேன். ஒரு ஊரில் எந்த இடத்தைப் பற்றி யார் பேசலாம், எந்தப் பெயரால் சொல்வார்கள், எல்லை என்று எதைக் கருதுவார்கள், யார் முன்னால் யார் உட்காரலாம் என்பதையெல்லாம் முடிவு செய்வது அந்த ஊரின் பண்பாடு. படத்துக்குள் என்ன வரும், என்ன விடுபடும் என்பது அங்கேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது. ட்ரோன் அதற்குப் பிறகுதான் பறக்கிறது.

உங்கள் படத்திலிருந்தே ஆரம்பிப்போம். அதில் கண்மாய் ஒரு நீலத் திட்டாகத்தான் இருக்கும். கார்த்திகையில் பறந்திருந்தால் திட்டு பெரிதாக இருக்கும், சித்திரையில் பறந்திருந்தால் சீமைக்கருவேலங்காடாகத் தெரியும். ஆனால் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே பிரிகிறது, மேலே எந்த ஊர்க் கண்மாய் நிரம்பி மறுகால் போனால் நமக்குத் தண்ணீர் வரும், எந்த மடையை முதலில் திறப்பார்கள், கடைமடைக்கு எத்தனை நாளைக்கு ஒரு முறை, மிகைநீர் வழியும் கலுங்கு உடைத்துக்கொண்டால் எந்தத் தெரு முழுகும், கண்மாய்க்குள் தண்ணீர் வற்றிய உள்வாயில் யார் விதைக்கிறார்கள், மடைக்கருப்புச் சாமிக்கு யார் கிடாய் வெட்டுகிறார்கள் என்று இத்தனையும் சேர்ந்ததுதான் ஊர்க்காரருக்குக் கண்மாய். தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய், குளம் என்று 39,000-க்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒன்றன் மிச்சம் இன்னொன்றுக்குப் போகும்படி சங்கிலியாகக் கோக்கப்பட்டவை. ஊராட்சி எல்லையோடு கோட்டை நிறுத்திவிட்டால் கண்மாயின் வாயை வெட்டிவிட்டு வயிற்றை மட்டும் வரைந்ததாக ஆகும்.

இன்னொன்று பொட்டல். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் இல்லாத செம்மண் வெளிதான், படத்தில் அதற்குத் 'தரிசு' அல்லது 'காலி இடம்' என்று பெயர் விழும். அங்கேதான் மாசியில் மஞ்சுவிரட்டு நடக்கும், அறுப்பு முடிந்தால் கதிர் அடிப்பார்கள், மழைக்கு முன் ஆடு மேய்க்கும் கீதாரிகள் கிடை போடுவார்கள். நான் வேலை பார்த்த ஒரு ஊரில், நாங்கள் வரைந்த படத்தில் இப்படி 'காலி' என்று காட்டிய இடத்தைத்தான் வெளியிலிருந்து வந்தவர்கள் கட்டடத்துக்கு முதலில் கேட்டார்கள். தப்பு எங்களுடையது. வெறும் இடம் என்று எழுதிக் கொடுத்தது நாங்கள்தான். அன்றிலிருந்து ஒரு இடத்துக்கு நிறம் பூசுவதற்கு முன், அங்கே வருடத்தில் எந்த மாதம் என்ன நடக்கும் என்று பன்னிரண்டு மாதத்துக்கும் கேட்டு எழுதாமல் விடுவதில்லை. கீதாரி அந்த ஊரில் ஓட்டுரிமை உள்ளவர் இல்லை. ராமநாதபுரத்திலிருந்து ஆட்டோடு நடந்து வந்து சில வாரம் இருந்துவிட்டுப் போகிறவர், கிராம சபைக்கும் வரமாட்டார். அவருடைய வழித்தடத்தை ஊர்ப் பெரியவர்கள் சொன்னால்தான் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள்.

எல்லையை ஊரோடு நடந்து குறிப்பது நமக்குப் புதிதில்லை. பல்லவர், சோழர் செப்பேடுகளில் நிலம் கொடுத்ததைச் சொல்லும்போது 'கல்லுங் கள்ளியும் நாட்டி' என்ற தொடர் திரும்பத் திரும்ப வரும். அந்த வட்டாரத்துப் பெரியவர்களான நாட்டார் நடந்து வந்து, எல்லையில் கல்லும் கள்ளிச் செடியும் நட்டு, ஓலை எழுதிக் கொடுப்பார்கள். நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேட்டில் பெண் யானையை நடக்கவிட்டு, அது சுற்றிவந்த வழியை எல்லையாகக் குறித்த முறையும் இருக்கிறது. பிடி சூழ்தல் என்று அதற்குப் பெயர். பிறகு எந்த வாய்க்காலுக்குக் கிழக்கு, எந்தக் கரைக்குத் தெற்கு என்று வரி வரியாக எல்லை விவரம். யானை நடந்ததை ஊரே பார்த்திருக்கும் என்பதுதான் அந்த ஆவணத்துக்குப் பலம். பக்கத்து ஊர்க்காரனும் பார்த்திருப்பான், நாளைக்கு மறுக்க முடியாது. இன்றைக்கும் திருவிழாவில் எல்லைச்சாமிக்குப் படைத்துவிட்டு ஊர் எல்லையைச் சுற்றி வரும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வரைபடக்காரனுக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. எல்லை என்றால் சாட்சியோடு நடந்த வழி.

பிறகு அளவைக்காரர்கள் வந்தார்கள். 1802-இல் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அளவையாளர், எல்லாக் கணக்குக்கும் அடிப்படையான நேர்கோடு ஒன்றை அளந்து தொடங்கியதுதான் இந்தியாவை முக்கோணங்களால் மூடிய பெரும் அளவை. காவிரிச் சமவெளியில் மலை இல்லாததால் கோவில் கோபுரங்களையே அளவை நிலையங்களாக்கினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோவிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள கோணம் அளக்கும் கருவி (தியோடலைட்) சுவரில் மோதிச் சேதமானது. கோபுரம் அவருக்கு உயரமான ஒரு புள்ளி. அதைச் சுற்றியிருந்த ஊருக்கு அது என்ன என்பது அவருடைய வேலைக்குத் தேவைப்படவில்லை. அவருடைய கணக்கின் நேர்த்தியை மதிக்கிறேன், ஆனால் நாம் செய்யும் வேலை வேறு.

கிராமத்தை உண்மையில் மாற்றியது வருவாய் அளவை. 66 அடிச் சங்கிலியை இழுத்து, புல எண் போட்டு, கல் நட்டு, வரி கட்டும் நிலத்தை ஒரு பக்கமாகவும் மற்றதைப் புறம்போக்காகவும் பிரித்தார்கள். வரிக் கணக்குக்குப் புறத்தே போனதுதான் புறம்போக்கு. ஊரின் பொது வாழ்க்கை முழுவதும், மேய்க்காலும் மந்தைவெளியும் களமும் சுடுகாடும் ஓடையும் குடியிருப்பு நத்தமும், அந்த ஒரு சொல்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இன்று அந்தச் சொல்லை வசவாகக்கூடப் பயன்படுத்துகிறோம். உங்கள் படம் ஒன்றுமே செய்யாவிட்டாலும், புறம்போக்கு என்ற ஒரே நிறத்தை மறுபடி பத்துப் பெயராகப் பிரித்துக் காட்டினால் போதும், பெரிய வேலை செய்ததாக அர்த்தம். அதற்காக அரசு ஆவணத்தை ஒதுக்கவும் கூடாது. கிராம வரைபடம், புல வரைபடம், எந்தப் புலம் யாருடையது, என்ன வகை என்று எழுதிய 'அ' பதிவேடு மூன்றையும் கையில் வைத்துக்கொண்டுதான் தெருவில் இறங்க வேண்டும். புல வரைபடத்தை இப்போது இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

மக்களே வரையும் முறை 1980-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் பரவியதில் தென்னிந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கிலாந்தின் சசெக்ஸிலிருந்து வந்த வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் 1989 முதல் 1991 வரை ஐதராபாத்தில் தங்கியிருந்தார். மைராடா போன்ற தன்னார்வ நிறுவனங்கள் அதே காலத்தில் கர்நாடக, ஆந்திரக் கிராமங்களில் தாளையும் பேனாவையும் கீழே வைத்துவிட்டுத் தரையில் வரையச் சொல்லிப் பார்த்தன. கோலப்பொடி, செங்கல் தூள், கரி, விதை, இலை, கூழாங்கல் என்று கிடைத்ததை வைத்து ஊரையே வரைந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வரைபடம் புரியாது என்று அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். வீடு வீடாக, கிணறு கிணறாக அவர்கள் வரைந்து காட்டியதும் அந்த நம்பிக்கை போயிற்று. அதிகாரி கையிலிருக்கும் குச்சியை ஊர்க்காரர் கையில் கொடுத்துவிட்டு விலகி நில் என்பதுதான் சேம்பர்ஸ் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம்.

தமிழ்நாட்டில் இதில் கூடுதலாக ஒரு வசதி இருக்கிறது. நம் பெண்கள் தினமும் விடியற்காலையில் தரையில் வரைகிறவர்கள். புள்ளி வைத்து, இடைவெளி கணக்கிட்டு, பிசகாமல் கோடு இழுப்பது அவர்களுக்குக் கைப்பழக்கம். தாளைக் கொடுத்தால் "எனக்கு எழுதத் தெரியாது தம்பி" என்று பின்வாங்குகிற அம்மா, கோலமாவைக் கொடுத்தால் உட்கார்ந்துவிடுவார். இதை எத்தனையோ ஊரில் பார்த்தேன். தரையில் போட்டதை அழித்துத் திருத்தலாம், அதனால் பயம் இருக்காது. சுற்றி நின்று பார்க்கலாம், இன்னொருத்தி வந்து "அந்தக் குழாய் இங்க இல்லடி, அங்க" என்று மாற்றலாம். உங்கள் மடிக்கணினித் திரையை ஒருவர்தான் தொட முடியும். அதை யார் தொடுகிறாரோ அவர் கையில்தான் குச்சி இருக்கிறது.

இந்த முறையைக் கெடுத்ததும் உண்டு. 90-களின் பிற்பகுதியில் நிதி கொடுப்பவர்கள் கேட்டார்கள் என்பதற்காக ஊர் ஊராகப் போய் வரையச் சொன்னார்கள். வரைந்ததை ஒரு பெரிய தாளில் பெயர்த்துச் சுருட்டிப் பட்டணத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஊரில் மிஞ்சியது மழையில் கரைந்த பொடிதான். உங்கள் மந்தைக்குப் பதினொரு பேர் மட்டும் வந்ததற்கு இந்தப் பழைய அனுபவமும் காரணமாக இருக்கலாம், விசாரித்துப் பாருங்கள். "போன தடவையும் இப்படித்தான் வரைஞ்சுக்கிட்டுப் போனாங்க" என்று யாராவது சொல்வார்கள்.

இனி பண்பாட்டின் மறுபக்கம். நாம் பண்பாடு என்று சொல்லும்போது முளைப்பாரியும் கும்மியும் நினைவுக்கு வருகின்றன. ஒரு ஊரில் யார் மந்தைக்கு வரலாம், வந்தால் திண்ணையில் உட்காரலாமா, தள்ளித்தான் நிற்க வேண்டுமா என்பதும் அதே பண்பாடுதான். நீங்கள் கூட்டம் போட்ட இடம் எது என்று முதலில் யோசியுங்கள். கோவில் முன்னால் இருக்கும் மந்தை என்றால், ஊரில் பாதிப் பேர் வராமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். ஆதிதிராவிடர் தெருக்காரர் அங்கே வந்து, ஊர்ப் பெரியவர் முன்னால் குனிந்து, "இந்த வாய்க்காலை இவர் மடக்கிப் போட்டிருக்கிறார்" என்று கோடு இழுப்பாரா?

எனக்கு இதைப் புரியவைத்தது ஒரு நீர்க்கட்டி. கண்மாய்த் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுகிறவரைச் சில ஊரில் நீர்க்கட்டி என்பார்கள், சில ஊரில் நீர்பாய்ச்சி என்பார்கள். பல ஊர்களில் இந்த வேலையைப் பரம்பரையாகச் செய்து வருபவர்கள் பட்டியல் சாதியினர். எந்த வயலின் மண் எவ்வளவு குடிக்கும், எந்த இடத்தில் வாய்க்கால் கசியும், எந்த வருடம் எந்தக் கலுங்கில் எத்தனை அடி போனது என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நாங்கள் மூன்று நாள் மந்தையில் உட்கார்ந்து வரைந்த வாய்க்கால் படத்தை நான்காம் நாள் அவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "வாங்க, நடந்து பாத்துருவோம்" என்றார். மதியத்துக்குள் எங்கள் படத்தில் ஏழு பிழை கண்டுபிடித்தோம். அதில் இரண்டு, தெரியாமல் வந்த பிழை இல்லை. மந்தையில் உட்கார்ந்திருந்தவர்களின் வயலுக்குள் வாய்க்கால் மறைந்துபோன இடங்கள் அவை. அவர் மந்தைக்கு வரவில்லை. நாங்களும் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை.

அதனால் ஒரே கூட்டம் போட்டு ஒரே படம் வரைவதை நான் நிறுத்திவிட்டேன். தெருத் தெருவாக, அவரவர் இடத்தில், அவரவருக்கு ஒழிந்த நேரத்தில் தனித்தனிப் படம் வரைவோம். ஆதிக்கத் தெருக்காரர்கள் வரையும் படத்தில் அவர்களுடைய தெருவில் ஒவ்வொரு வீடும் தனித்தனியாக இருக்கும், ஆதிதிராவிடர் குடியிருப்பு மட்டும் ஓரத்தில் ஒரு வட்டமாகச் சுருங்கிக் கிடக்கும். அங்கே போய் வரையச் சொன்னால் வட்டத்துக்குள் இருந்து தெருக்களும் கோவிலும் கிணறும் கிளம்பி வரும். பெண்கள் தனியாக வரைந்தால் விளக்கு எரியாத முடுக்கும், விறகுக்குப் போகும் பாதையும், ரேஷன் கடைக்குச் சுற்றிப் போகும் தூரமும் வரும். எந்தத் தெரு வழியாகச் சில பெண்கள் போவதில்லை என்பதும் வரும். அது ஆண்கள் முன்னால் வராது. படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் எங்கே பொருந்தவில்லையோ அங்கேதான் ஊரின் உண்மையான பேச்சு இருக்கிறது. அந்தப் பொருந்தாத இடத்தை அவசரப்பட்டுச் சமன் செய்துவிடாதீர்கள். நவீன மென்பொருளின் பெரிய உபயோகமே இதுதான் என்பேன். கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருளில் நான்கு அடுக்காக வைத்துக்கொண்டால், யாருடைய கோட்டையும் அழிக்காமல் நான்கையும் காட்டலாம்.

பெயர்களும் அப்படித்தான். பதிவேட்டில் ஒரு பெயர், தெருவில் ஒரு பெயர், அங்கே குடியிருப்பவர்கள் விரும்பும் பெயர் ஒன்று. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்தச் சொல் எத்தனை பேருக்கு வலித்திருக்கிறது என்பது வரைபடம் போடுகிறவர்களுக்குத் தெரியாததில்லை, ஆனாலும் வருடக்கணக்காக அச்சடித்தோம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் போன்ற, யாரும் சேர்த்துத் திருத்தக்கூடிய திறந்த வரைபடங்களில் ஒரே இடத்துக்குத் தமிழ்ப் பெயர், வட்டாரப் பெயர், பழைய பெயர் என்று தனித்தனியாக ஏற்ற இடமிருக்கிறது. முதன்மைப் பெயராக எதை வைப்பது என்று அந்தத் தெருக்காரரைக் கேளுங்கள். பக்கத்துத் தெருக்காரரைக் கேட்காதீர்கள்.

பண்பாட்டையே சட்ட ஆதாரமாக்கிய இடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கர்நாடகத்தில் சாமராஜநகர் மாவட்டத்துப் பிளிகிரிரங்கன் மலையில் சோளகர் என்னும் பழங்குடியினர் வாழ்கிறார்கள். நம் சத்தியமங்கலம் காட்டிலும் அவர்கள் உண்டு. 1974-இல் அந்த மலை வனவிலங்குச் சரணாலயமானபோது காட்டுக்குள் இருந்த குடிகளைக் கிளப்பி ஓரத்துக்குக் கொண்டுவந்தார்கள். விவசாயம், வேட்டை, காட்டுத் தரையில் சருகுக்கு வைக்கும் தீ எல்லாம் நின்றது. பெயர்ந்து வந்து முப்பது ஆண்டுக்கு மேல் ஆன பிறகு, அட்ரீ என்னும் ஆய்வு நிறுவனத்தோடும் தங்கள் சங்கத்தோடும் சேர்ந்து சோளகப் பெரியவர்கள் காட்டுக்குள் நடந்து ஒரு வரைபடம் உண்டாக்கினார்கள். கையில் ஜிபிஎஸ் கருவி இருந்தது. ஆனால் எங்கே நிற்பது என்பதைச் சொன்னது குலக் கதைகள். அவர்களுக்குக் காடு குலவாரியாகப் பிரிந்த நிலம், ஒவ்வொரு பகுதிக்கும் 'எல்லெ' என்று பெயர். நம்முடைய எல்லைதான். ஒவ்வொரு எல்லெயிலும் ஒரு தேவரு, ஒரு மாரம்மா, ஒரு வீரு என்று தெய்வங்களின் இடங்கள், அப்பி என்னும் நீரூற்று, முன்னோருக்கு நட்ட கல். இப்படி நூற்றுக்கணக்கான இடங்களை அட்சரேகை, தீர்க்கரேகையோடு குறித்தார்கள். வனத்துறைப் படத்தில் வெறும் பச்சையாக இருந்த இடம் முழுக்கப் பெயராக நிரம்பியது.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் விதிகள், கோரிக்கைக்கு ஆதாரமாகப் புனித மரங்களையும் தோப்புகளையும் இடுகாட்டையும் பாரம்பரிய மேய்ச்சல் நிலத்தையும் நீராதாரங்களையும் காட்டலாம் என்கின்றன. அதனால் அந்த வரைபடம் வெறும் நினைவுப் பொருளாக நின்றுவிடவில்லை. 2011-இல் அந்த மலை புலிகள் காப்பகமான அதே வருடத்தில், சோளகர்களின் சமூக வன உரிமையும் ஏற்கப்பட்டது. சாமி இருக்கும் இடத்தைச் சொல்லத் தெரிந்தவர்கள் அந்த நிலத்தில் தாங்கள் வாழ்ந்ததற்கான சாட்சியைச் சொல்லத் தெரிந்தவர்கள். "பண்பாட்டுக்கு இதில் என்ன வேலை" என்று யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மலையின் பெரிய செண்பக மரம் நினைவுக்கு வரும். தொட்டசம்பிகே என்று அதற்குப் பெயர். அதன் அடியில் கற்களாக நடப்பட்டிருக்கும் தெய்வங்களும் நினைவுக்கு வரும்.

இதற்கு நேர் எதிரான எச்சரிக்கையும் உண்டு. எல்லாவற்றையும் குறிக்கக் கூடாது. தென்கோடியில் கடலுக்குப் போகிறவர்கள், கரையில் தெரியும் மலை முகட்டையும் தேவாலயக் கூம்பையும் ஒரு கோட்டில் வைத்து, வேறு இரண்டு அடையாளங்களை இன்னொரு கோட்டில் வைத்து, இரண்டும் வெட்டும் இடத்தில் மீன் சேரும் கடலடிப் பாறைத் திட்டான 'பார்' எங்கே என்று கண்டுபிடிப்பார்கள். லாம்டன் செய்த அதே வடிவக் கணக்கு, கருவி மட்டும் கண். அந்தப் பார் தகப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்த சொத்து. அதை ஒரு திறந்த வரைபடத்தில் ஏற்றிவிட்டால் அடுத்த மாதமே பெரிய விசைப்படகுகள் அங்கே நிற்கும். மூலிகை முளைக்கும் இடம், சிலை இருக்கும் சிறு கோவில், குடும்பங்கள் மறைக்க விரும்பும் இடங்கள் எல்லாம் இப்படித்தான். சொன்னவரிடம் "இதைப் படத்தில் போடலாமா? போட்டால் யார் வரைக்கும் பார்க்கலாம்?" என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் குறிப்பேட்டிலிருந்தும் அடிக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் போன்ற விவகாரத்தில் இன்னும் கவனம் தேவை. உரிமைக்காரர்களின் முடிவு இல்லாமல் நீங்களாகப் படத்தில் போட்டுவிட்டால், அதன் பின்விளைவு உங்கள் வீட்டுக்கு வராது, அவர்கள் வீட்டுக்குத்தான் வரும்.

கூத்து வைத்து ஆள் சேர்ப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்னும் மக்கள் அறிவியல் இயக்கம் கலைப் பயணங்களுக்குப் பெயர் போனது. 90-களின் தொடக்கத்தில் புவி அறிவியல் ஆய்வு மையத்தோடு சேர்ந்து அவர்கள் நடத்திய ஊராட்சி வள வரைபடத் திட்டத்தில், ஊர்த் தொண்டர்களே புல வரைபடத்தைக் கையில் பிடித்துத் துண்டு துண்டாக நடந்து, நிலப் பயன்பாட்டையும் நீரையும் குறித்தார்கள். கண்ணூர்ப் பக்கத்துக் கல்லியாசேரி அதில் முன்னோடி. 1996-இல் தொடங்கிய, உள்ளாட்சிகளே திட்டம் தீட்டும் மக்கள் திட்ட இயக்கத்துக்கு அந்த அனுபவம் உரமானது. ஆனால் அங்கே பாட்டும் நாடகமும் எடுபட்டதற்குக் காரணம், அவற்றின் அடியில் ஊர்தோறும் வாசகசாலை இருந்தது, எழுத்தறிவு இயக்கம் இருந்தது, சேர்ந்து உட்கார்ந்து வாதிடும் பழக்கம் இருந்தது. அந்த அடித்தளம் இல்லாத இடத்தில் பறை அடித்தால் பறையைக் கேட்கக் கூட்டம் வரும், கேட்டுவிட்டுப் போய்விடும். உங்கள் ஊரில் ஏற்கெனவே மக்கள் சேரும் சந்தர்ப்பம் எது என்று பாருங்கள். நூறு நாள் வேலைத் தளம், மகளிர் குழுக் கூட்டம், மீன்பிடித் திருவிழா. கண்மாய் வற்றும்போது ஊத்தா என்னும் மீன்பிடி கூடையோடு பக்கத்து ஊர்க்காரரெல்லாம் இறங்குவார்களே, அன்றைக்குக் கரையில் நின்றால் இந்தக் கண்மாய் எத்தனை ஊருக்குச் சொந்தம் என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

கருவி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். ஒரு விஷயம் மட்டும். கைபேசி ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சுமார் 5 மீட்டர் பிசகும், புளியமரத்தடியில் இன்னும் கூடும். வாய்க்கால் எந்தத் திசையில் போகிறது என்று காட்ட அது போதும், இருவர் வரப்புக்கு நடுவில் கோடு போட உதவாது. தனியார் எல்லையை உங்கள் படத்தில் காட்டவே காட்டாதீர்கள், அது நில அளவரின் வேலை. 2020 ஏப்ரல் 24-இல் தொடங்கிய ஒன்றிய அரசின், கிராம வீட்டுமனைக்குச் சொத்து அட்டை தரும் ஸ்வாமித்வா திட்டத்தில்கூட, குடியிருப்பு வீடுகளை ட்ரோன் படமெடுப்பதற்கு முன் உரிமையாளர்களை வைத்துத் தரையில் சுண்ணாம்புக் கோடு போடச் சொல்கிறார்கள். சில சென்டிமீட்டர் துல்லியமுள்ள கருவிக்கும், அக்கம்பக்கத்தார் நின்று ஒப்புக்கொண்ட வெள்ளைக்கோடு ஒன்று தரையில் தேவைப்படுகிறது. அந்தக் கோடு போடும்போது யார் வீட்டில் இருந்தார், விதவைத் தாய்க்குப் பதில் யார் நின்றார், வெளியூர் வேலைக்குப் போனவர் பக்கம் யார் பேசினார் என்பதெல்லாம் ட்ரோனில் பதிவாகாது.

உங்கள் படத்துக்கு அரசு ஆவணத்தின் பலம் கிடையாது. அதைக் கிராம சபையில் வைத்து, தீர்மானத்தில் எழுதி, கையெழுத்து வாங்கினால் ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்துக்குள் அது நுழையும். தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை. மார்ச் 22 உலக நீர் நாள், கண்மாய்ப் படத்துக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. அதற்கு முன்பே ஒவ்வொரு தெருவிலும் படத்தைக் காட்டித் திருத்தி முடித்திருக்க வேண்டும். சபையில் முதல் முறையாகக் காட்டினால் மறுபடியும் மந்தைக் கதைதான். படத்தை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஆள் உயரத்துக்கு வண்ணத்தில் எழுதிவையுங்கள், ஒரு நகல் பள்ளிக்கூடத்தில், ஒரு நகல் மகளிர் குழுவிடம் இருக்கட்டும். கோப்பு உங்கள் மடிக்கணினியில் மட்டும் இருந்தால், நீங்கள் சென்னைக்கு வேலைக்குப் போகிற அன்று ஊரின் படமும் கூடவே பஸ் ஏறிவிடும்.

இப்போதைக்கு அந்த அச்சிட்ட படத்தைச் சுருட்டி வைத்துவிடுங்கள். நாளைக் காலையில் உங்கள் ஊரில் தண்ணீர் பாய்ச்சுகிறவர் யார் என்று விசாரியுங்கள். அவர் வீட்டுக்கு நீங்களே போய், நேரம் கேட்டு, பெரிய மடையிலிருந்து கடைமடை வரைக்கும் அவருக்குப் பின்னால் நடங்கள். அந்த நாளுக்கான கூலியையும் கொடுத்துவிடுங்கள். அவர் நிற்கிற இடத்திலெல்லாம் நின்று, அவர் சொல்கிற பெயரை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். சாயங்காலம் அவர் தெருவில் யாரிடமாவது ஒரு படி கோலமாவு கேட்டு வாங்குங்கள்.